இடி முழக்கக் கச்சேரிகள்

"பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துச் 'சத்தம் போடாதே!' என்று அதட்டுகிறீர். மாலையானால் சத்தம் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களைத் தேடிப் பணம் கொடுத்துப் போகிறீர். இது எந்த ஊர் நியாயம், ஐயா?" என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். 'ராக்' என்னும் மேனாட்டுச் சங்கீதத்தின்மீது எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்குக் காரணமான சில கச்சேரிகளைப் பற்றி இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லலாமென்று உத்தேசித்திருக்கிறேன்.

முதலில், ராக் என்பது இன்னதென்று தெரியாத பெரியவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1950-களில் அமெரிக்காவிலே பிறந்த சங்கீதம் இது. அந்நாட்டுக் கறுப்பின மக்கள் தங்களுடைய துக்கத்தையும் சந்தோஷத்தையும் கொட்டிப் பாடி வளர்த்த 'ப்ளூஸ்' என்னும் பாட்டு இதற்குத் தாய். கிராமத்து வெள்ளையர்களின் நாட்டுப் பாடல்களும் இதில் கலந்திருக்கின்றன. மின்சாரக் கிட்டார், அதற்கு அடித்தளம் போடும் 'பேஸ்' கிட்டார், டிரம்ஸ், ஒரு குரல் - இவ்வளவுதான் சாமான்கள். இவை நாலும் சேர்ந்து எழுப்பும் முழக்கம் மட்டும் சாமானியமானதல்ல.

"ஐயையோ, காது என்னத்துக்கு ஆகும்?" என்று பயப்படுகிறவர்கள் நம்முடைய கோயில் திருவிழாவைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். சுவாமி புறப்பாட்டின்போது வாசற்கோபுரத்தடியில் நாலு தவில்கள் ஒன்று கூடினால் அந்த ஓசையை நாம் காதால் மட்டுமா கேட்கிறோம்? நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் அடிவயிற்றிலும் அல்லவா அது அதிர்கிறது? அப்போது யாரும் 'இரைச்சல்' என்று முகத்தைச் சுளிப்பதில்லை. தலை தானாகவே ஆடுகிறது. ராக் கச்சேரியில் நிகழ்வதும் ஏறக்குறைய இதேதான்.

அடுத்தபடியாக எழுகிற கேள்விதான் முக்கியமானது. "அதைத்தான் வீட்டிலேயே கேட்கலாமே! கைத்தொலைபேசியைத் தட்டினால் உலகத்திலுள்ள பாட்டெல்லாம் வந்து நிற்கிறதே! ராத்திரி முழுதும் ரயிலேறிப் போய், கால் கடுக்க நின்று கேட்பானேன்?" இதற்கு நான் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாது. நான் கேட்ட கச்சேரிகள்தான் சொல்ல வேண்டும்.

என் நினைவில் முதலாவதாக நிற்பது 2003-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சென்னையில் ஒரு கல்லூரியின் திறந்தவெளி அரங்கில் கேட்ட கச்சேரி. பாடியவர்கள் டில்லியைச் சேர்ந்த 'இந்தியன் ஓஷன்' குழுவினர். 1990-இல் தொடங்கப்பட்ட இந்தக் குழுவில் அப்போது நாலு பேர். கிட்டார் வாசித்தவர் சுஷ்மித் சென். டிரம்ஸ் அமித் கிலம். பேஸ் கிட்டார் வாசித்த ராகுல் ராம், அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். நர்மதை நதிக்கரை மக்களின் போராட்டத்தில் பங்கு கொண்டவர். அந்த நதியைப் போற்றும் நாடோடிப் பாட்டையே இக்குழுவினர் தங்கள் உருப்படிகளில் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். நாலாமவர் அஷீம் சக்ரவர்த்தி. அவர் மேடையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து தபேலா வாசித்தபடியே பாடுவார். ராக் கச்சேரியில் ஒருவர் தரையில் உட்கார்ந்து பாடுவதைக் கண்டதுமே எனக்குப் பாதி பயம் தெளிந்துவிட்டது.

அன்றிரவு அவர்கள் 'கந்தீஸா' என்னும் பாட்டைப் பாடினார்கள். 2000-இல் வெளியான அவர்களுடைய இசைத்தொகுப்புக்கும் அதுவே பெயர். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மாதா கோவிலில் பாடி வருகிற பழைய துதி அது. இயேசுநாதர் பேசியதாகச் சொல்லப்படும் அரமேயிக் மொழியின் கிளையாகிய சிரியாக் மொழியில் அமைந்தது. கேட்டுக் கொண்டிருந்த எங்களில் அந்த மொழி தெரிந்தவர் ஒருவரேனும் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். கேரளத்துத் துதியை டில்லியிலிருந்து வந்த ஒரு வங்காளிப் பெயர்க்காரர் சென்னையிலே பாடுகிறார். பின்வரிசையில் அதுவரையில் கும்மாளம் போட்டுக் கொண்டிருந்த இளைஞர்கள் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். தேச ஒற்றுமையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நான் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். ஒன்றுக்கும் அந்தப் பலன் உண்டானதில்லை.

பாட்டு முடிந்த பிறகு கைதட்டல் உடனே எழவில்லை. ஒரு கணம், இரண்டு கணம் அரங்கு முழுதும் நிச்சப்தம். அந்த நிச்சப்தத்தை எந்த இசைத்தட்டிலும் நான் பிற்பாடு கேட்டதில்லை.

இரண்டாவது கச்சேரி முற்றிலும் வேறு தினுசு. 2007-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி இங்கிலாந்தைச் சேர்ந்த 'அயர்ன் மெய்டன்' குழுவினர் முதல் முறையாக இந்தியாவுக்கு வந்து பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். 1975-இல் ஸ்டீவ் ஹாரிஸ் என்பவர் தொடங்கிய குழு அது. 'ஹெவி மெட்டல்' என்று சொல்லப்படும் கன ரக ராக் சங்கீதத்தில் அவர்கள் பெரிய வித்வான்கள். மூன்று கிட்டார்க்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக் கொள்வதுபோல் வாசிப்பார்கள். பாடகர் புரூஸ் டிக்கின்ஸன் ஆகாய விமானம் ஓட்டுவதற்கும் லைசென்ஸு பெற்றவர். அவர் குரல் போகிற உயரத்தைக் கேட்டால் இதில் ஆச்சரியமொன்றும் இராது.

முந்தின நாள் இரவு சென்னையிலிருந்து பெங்களூர் மெயிலில் புறப்பட்டேன். எங்கள் பெட்டியில் பத்துப் பதினைந்து வாலிபர்கள் எல்லோரும் கறுப்புச் சட்டை. சிலருக்குத் தாடியும் இருந்தது. எதிர் ஆசனத்தில் இருந்த ஒரு கிழவர் வெகு நேரம் அவர்களை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, சபரிமலைக்கு இது மாசம் இல்லையே?" என்று கேட்டார். "தாத்தா, எங்களுக்கு இதுதான் மாசம்!" என்றான் ஒரு பையன். கிழவரும் சிரித்தார். மறுநாள் மைதானத்தில் பார்த்தால் ஷில்லாங்கிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும்கூட ரயிலேறி வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பட்ட சிரமத்துக்கு முன்னால் என் ஒரு ராத்திரிப் பிரயாணம் எம்மாத்திரம்!

முதலில் டில்லியைச் சேர்ந்த 'பரிக்ரமா' குழுவினர் வாசித்தார்கள். கிட்டார்களுக்கு நடுவே அவர்கள் வைத்திருந்த பிடிலும் தபேலாவும் ஜோராகப் பேசின. அவ்வருஷமே இங்கிலாந்தில் நடந்த 'டவுன்லோட்' என்னும் பெரிய ராக் விழாவில் வாசிக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைத்தது.

இருட்டின பிற்பாடு அயர்ன் மெய்டன் மேடையேறினார்கள். அவர்களுடைய 1992-ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்று உண்டு. இருளைக் கண்டு அஞ்சும் ஒருவனைப் பற்றியது. அதன் தொடக்கத்தில் கிட்டார் ஓர் எளிய மெட்டை வாசிக்கிறது. அந்த மெட்டுக்கு வார்த்தையே கிடையாது. மைதானத்திலிருந்த அத்தனை ஜனங்களும் கிட்டாரோடு சேர்ந்து அந்த மெட்டை 'ஓ' என்று பாடத் தொடங்கினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒத்திகை பார்க்கவுமில்லை. எனக்கு இடப்பக்கத்தில் நின்றவன் எந்த ஊரோ, எந்த பாஷைக்காரனோ தெரியாது. ஆனால் இருவர் குரலும் ஒரே சுருதியில் இருந்தன.

அதே பாட்டை வீட்டில் நூறு தடவையாவது நான் கேட்டிருப்பேன். அப்போதெல்லாம் அது பூர்த்தியான பாட்டு என்றுதான் எண்ணியிருந்தேன். மைதானத்திலே நின்றபோதுதான் அதில் நமக்கென்று ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறதென்பது விளங்கிற்று. பஜனை மடத்தில் பாகவதர் ஓரடியைப் பாடி நிறுத்திக் கூட்டத்தைப் பார்க்கிறாரே, அந்த மாதிரி இடம். கேட்கிறவர்கள் வந்து நிரப்பினாலொழிய அது நிரம்பாது.

2009-ஆம் ஆண்டு டிஸம்பர் 25-ஆம் தேதி, அஷீம் சக்ரவர்த்தி காலமானார். சில வாரங்களுக்கு முன்னால் வெளிநாட்டுச் சுற்றுப் பிரயாணத்தின்போது அவர் மாரடைப்பால் தாக்கப்பட்டிருந்தார். செய்தியைப் படித்த அன்றிரவு 'டெஸர்ட் ரெயின்' என்னும் இசைத்தொகுப்பை எடுத்து வைத்துக் கேட்டேன். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1989-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று, டில்லிக்கு அருகில் தொழிலாளர்களிடையே தெரு நாடகம் நடத்திக் கொண்டிருந்த ஸப்தர் ஹாஷ்மி என்னும் கலைஞர் தாக்கப்பட்டு மறுநாள் உயிர் துறந்தார். அவர் நினைவாக நண்பர்கள் வருஷந்தோறும் அதே தேதியில் கலைஞர்களைக் கூட்டி விழா நடத்தினார்கள். 1997-இல் அந்த விழாவில் இந்தியன் ஓஷன் வாசித்ததை அப்படியே பதிவு செய்ததுதான் 'டெஸர்ட் ரெயின்'.

அஷீமின் குரல் அதில் இருக்கிறது, தபேலா இருக்கிறது. இதற்கு நான் மிகவும் நன்றியுள்ளவன். ஆனாலும் அன்று டில்லிக் குளிரில் போர்வையைப் போர்த்திக் கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தத் தகட்டிலிருந்து நான் எப்படி அறிய முடியும்? இந்தியன் ஓஷன் குழுவினர் புதிய அங்கத்தினர்களைச் சேர்த்துக் கொண்டு இன்றும் நன்றாக வாசிக்கிறார்கள். 'கந்தீஸா'வையும் பாடுகிறார்கள். 2003-இல் கேட்டது மட்டும் மறுபடி வராது. அதை அன்று கேட்டவர்கள் இருக்கும் வரையில்தான் அது இருக்கும்.

இவ்வளவு உயர்வாகச் சொல்லிவிட்டேன். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியது முறை. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி அமெரிக்காவின் 'மெட்டாலிகா' குழுவினர் டில்லிக்கு அடுத்த குர்காவ்னில் வாசிப்பதாக இருந்தது. மேடைக்கு முன்னாலிருந்த தடுப்பு வேலி உடைந்தது. ஜனங்களுக்கு ஆபத்து நேரலாமென்று கச்சேரியை முதலில் ஒரு நாள் ஒத்திப் போட்டு, பிறகு அடியோடு நிறுத்தினார்கள். எத்தனையோ மணி நேரம் காத்திருந்த கூட்டத்தில் சிலர் ஆத்திரத்தில் மேடையில் ஏறிச் சாமான்களை உடைத்தார்கள். இரண்டே நாள் கழித்து, அக்டோபர் 30-ஆம் தேதி, அதே குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது. அதற்கு நான் போயிருந்தேன். குர்காவ்ன் செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தபடியால் கூட்டத்தில் ஒரு விசித்திரமான கவலை நிலவியது. முன்னாலிருந்தவர்கள் பின்னால் திரும்பி, "தள்ளாதீர்கள், கச்சேரி நின்றுவிடும்!" என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக் கொண்டிருந்தார்கள். என் வகுப்பிலே நான் ஒருநாளும் காணாத கட்டுப்பாடு!

அன்று அவர்கள் வாசித்தவற்றுள் 1988-ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். யுத்தத்தில் கை, கால், கண், காது எல்லாவற்றையும் இழந்து, உயிரும் நினைவும் மட்டும் மிஞ்சி ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு சிப்பாயின் கதை அது. டால்டன் டிரம்போ என்பவர் 1939-இல் எழுதி வெளியிட்ட நாவலைத் தழுவியது. முதலில் பீரங்கி வெடிக்கும் சத்தம். பிறகு இருட்டில் ஒரே ஒரு கிட்டார், அழாத குறையாக. அந்தச் சிப்பாயின் தவிப்பு ஏற ஏற டிரம்ஸும் யந்திரத் துப்பாக்கியைப் போல் வேகமெடுக்கிறது. இதைக் கேட்ட பிற்பாடும் 'ராக் என்றால் வெறும் கூச்சல்' என்று சொல்லுகிறவர்களுடன் நான் சண்டைக்குப் போவதில்லை. அந்தப் பாட்டின் அர்த்தத்தை மட்டும் எடுத்துச் சொல்வேன்.

கடைசியாகச் சொல்லப் போகும் கச்சேரிக்கு ரயிலேற வேண்டியிருக்கவில்லை. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவின் அரங்கேற்றம் நடந்தது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் ஆதரவில், தென்மா என்னும் சங்கீதக்காரர் பத்தொன்பது பேரைத் தேடித் திரட்டிய குழு அது. 'சாதியற்ற தமிழர்' என்று அயோத்திதாஸப் பண்டிதர் வழங்கிய சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது. வட சென்னையின் கானாப் பாடகர்களும், பறை, சட்டி முதலிய வாத்தியக்காரர்களும் ஒரு பக்கம். மின்சாரக் கிட்டாரும் டிரம்ஸும் மறு பக்கம். சாவு வீட்டிலும் சந்து முனையிலும் மட்டும் கேட்டு வந்த பாட்டு, பெரிய மேடையில், பெரிய ஒலிபெருக்கியில், தலை நிமிர்ந்து நின்றது. ஜாதியின் கொடுமையைப் பற்றியும், இடஒதுக்கீட்டைப் பற்றியும் நேருக்கு நேராகப் பாடினார்கள்.

ப்ளூஸ் என்பது கறுப்பின மக்களின் துக்கத்தில் பிறந்ததென்று ஆரம்பத்தில் சொன்னேனல்லவா? புத்தகத்தில் படித்த அந்த விஷயம் அன்றுதான் எனக்குக் கண்ணெதிரே வந்து நின்றது. இடுப்பில் குழந்தையுடன் வந்திருந்த ஓர் அம்மாள் எனக்குச் சற்று முன்னால் நின்று ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டிக் கொண்டிருந்தார். அயர்ன் மெய்டன் பாட்டில் எனக்கு ஓர் இடம் இருந்ததென்றால், இந்தப் பாட்டில் அந்த அம்மாளுக்கு இருந்தது அதைப் போல் நூறு மடங்கு.

இனி, நேயர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. என்னிடம் படிக்கும் பையன்களும் பெண்களும் கச்சேரிக்குப் போக அனுமதி கேட்கும்போது, பெற்றோர்கள் என்னிடம் யோசனைக்கு வருவதுண்டு. "போகட்டும்" என்றுதான் சொல்லுவேன். ஆனால் டிக்கெட்டின் விலையை விசாரிப்பதோடு நிறுத்திவிடாமல் வேறு சிலவற்றையும் விசாரிக்க வேண்டும். எத்தனை வாசல்கள்? எப்போது திறப்பார்கள்? குடிதண்ணீர் உண்டா? திரும்பி வர வண்டி உண்டா? 1979-ஆம் ஆண்டு டிஸம்பர் 3-ஆம் தேதி அமெரிக்காவில் ஸின்ஸினாட்டி நகரில் 'தி ஹூ' குழுவின் கச்சேரிக்கு வந்தவர்கள், ஆசன எண் இல்லாத டிக்கெட்டுடன், திறந்த சில கதவுகளை நோக்கி ஒரே சமயத்தில் நெருக்கியதில் பதினொரு பேர் மாண்டார்கள். சங்கீதத்துக்கும் அந்த மரணங்களுக்கும் சம்பந்தமில்லை. கதவுகளுக்கும் கவனக் குறைவுக்கும்தான் சம்பந்தம்.

காதுகளையும் காப்பாற்றிக் கொள்ள வேண்டும். 100 டெஸிபல் அளவுள்ள ஒலியைப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து கேட்பது காதுக்குக் கெடுதல் என்கிறார்கள் வைத்திய நிபுணர்கள். ராக் கச்சேரியில் அந்த அளவை எட்டுவது சகஜம். நுரைப் பஞ்சினால் செய்த காதடைப்பான்கள் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றைச் செருகிக் கொண்டால் பாட்டு நன்றாகவே கேட்கும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் நிற்காமலிருப்பதும் புத்திசாலித்தனம்.

பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. 1986-இல் பம்பாயில் தொடங்கிய 'இண்டிபெண்டன்ஸ் ராக்' என்னும் விழா நம் நாட்டு இளைஞர் குழுக்கள் பலவற்றுக்கு மேடை கொடுத்தது. அது நடந்து வந்த ரங் பவன் என்னும் திறந்தவெளி அரங்கு, ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அருகில் இருந்தபடியால், அமைதி மண்டலச் சட்டத்தினால் மௌனமாயிற்று. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நியாயஸ்தலம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி வேண்டுமென்றும், இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்றும் 2000-ஆம் ஆண்டின் விதிகள் சொல்லுகின்றன. நோயாளி தூங்க வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஓரிடத்தை மூடினால் இன்னோரிடத்தைத் திறக்க வேண்டாமா? ஊருக்கு வெளியே தனியார் மைதானத்தில், ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பவர்களுக்கு மட்டுமே கச்சேரி என்று ஆகிவிட்டால், இடுப்பில் குழந்தையுடன் வந்த அந்த அம்மாள் எங்கே போவார்? மாநகராட்சிகள் பூங்காவுக்கு இடம் ஒதுக்குவதுபோல், வாசல் பலவும் வண்டி வசதியும் உள்ள திறந்தவெளி அரங்கு ஒன்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

ஆகவே, உங்கள் பிள்ளை அடுத்த முறை கறுப்புச் சட்டையுடன் எதிரில் வந்து நின்றால் பதற வேண்டாம். வாசலையும் வண்டியையும் விசாரித்துவிட்டு அனுப்பி வையுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போய் வாருங்கள். திரும்பி வந்ததும், "என்ன கேட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவான். கொஞ்ச நேரத்துக்கெல்லாம், பக்கத்தில் நின்று தன்னோடு சேர்ந்து பாடிய, பெயர் தெரியாத யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.